மாடிவீடும் கீழ்வீடும்

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு, ஒரு பெட்டி ஜன்னல் கண்ணாடியைப் பதினான்காவது தளத்தில் பூப்போல இறக்கிவைத்துவிட்டு, வெறும் கொக்கியை மேலே இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் மாடிவீட்டுக்கு அந்தச் சேதி வந்தது. வாக்கி டாக்கியில் இன்ஜினியரின் குரல்.

"மாடி, ஒரு விஷயம். புது சைட்டுக்கு உங்க கீழ்வீடு வரலையாம். ஆபீஸ்ல சொல்லிட்டாரு."

"கீழ்வீடு வரலை. சரி," என்று பழக்கதோஷத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு, மாடிவீடு அடுத்த பெட்டிக்காகக் கிரேனின் கையைத் திருப்பினார். கொக்கி பாதி தூரம் இறங்கிய பிறகுதான் எதற்குச் சரி என்றோம் என்பது அவருக்கு உறைத்தது. அதே சேனலில் கீழ்வீடும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். ஒரு நொடி இரைச்சல் மட்டும் வந்தது. அப்புறம் எப்போதும் போல நிதானமான அந்தக் குரல், "மாடி, இறக்கு," என்றது. "இறக்குறேன்," என்றார் மாடிவீடு. வேலை நடந்தது.

மாடிவீடு என்பது அறுபது மீட்டர் உயரத்தில் டவர் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவர். கீழ்வீடு என்பது தரையில் நின்று, எதைத் தூக்குவது, எங்கே திருப்புவது, எப்போது நிறுத்துவது என்று அவருக்குச் சொல்பவர். சிக்னல்மேன். மேல்வீடு கீழ்வீடு குடித்தனம் மாதிரி நாலு வருஷமாக ஒருத்தர் சத்தம் ஒருத்தருக்குக் கேட்டுக்கொண்டே இருப்பதால், சைட்டில் எவனோ ஒரு குசும்பன் வைத்த பேர். நிலைத்துவிட்டது. சம்பளச் சீட்டில்தான் நிஜப் பேர் இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குடித்தனக்காரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. மாடிவீடு காலை ஆறே முக்காலுக்கே ஏணி ஏறிவிடுவார். கீழ்வீடு ஏழு மணிக்கு வருவார். சாப்பாட்டு டப்பா மாடிவீட்டோடு பையில் மேலே போய்விடும். மற்ற சங்கதிகளுக்கும் மேலேயே ஏற்பாடு உண்டு, அதை இங்கே விவரிக்க வேண்டாம். சாயங்காலம் கொக்கி மேலே போன மறு நிமிஷம் கீழ்வீடு ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடிவிடுவார். மாடிவீடு எல்லாவற்றையும் பூட்டிவிட்டு இறங்கி வர ஆறே காலாகும். ஆகவே கீழ்வீடு என்றால் மாடிவீட்டுக்கு ஒரு குரல், ஒரு மஞ்சள் ஹெல்மெட்டின் உச்சி, அந்த உச்சியில் கையகலத்துக்கு ஒரு வெள்ளை வட்டம். ஏதோ ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். கேட்டதில்லை.

கேட்கவும் முடியாது. அந்தச் சேனலில் வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சு கூடாது. சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், திருப்பிச் சொன்னதைச் செய்ய வேண்டும். "தூக்கு." "தூக்குறேன்." "நிறுத்து." "நிறுத்திட்டேன்." அந்தரத்தில் இரண்டு டன் தொங்கும்போது ஒரு வார்த்தை கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. முக்கியமாக ஒரு சொல்லுக்கு அங்கே தடை. 'ஏன்.' நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் கீழே ஒரு தலை உருண்டுவிடும். பயிற்சியின் முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். மாடிவீட்டின் மண்டையில் அது கொஞ்சம் ஆழமாகவே ஏறியிருந்தது.

அன்று முழுக்க அவருக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. கட்டடத்தின் பின்பக்கம் பொருள் இறக்கும்போது மேலிருந்து ஒன்றும் தெரியாது, சுவர் மறைக்கும். அப்போது அந்தக் குரல்தான் கண். 'இன்னும் ஒரு மீட்டர், அரை மீட்டர், மெதுவா, மெதுவா, நிறுத்து.' கீழ்வீடு வருவதற்கு முன்னால் ஓர் அவசரக்காரர் சிக்னல்மேனாக இருந்தார். அவர் சொன்ன ஒரு 'இறக்கு' அரை நொடி முந்தி வந்ததில் ஒரு கொத்தனாரின் காதோரம் பலகைக் கட்டு உரசிக்கொண்டு போனது. அதற்கப்புறம் ஒரு மாதம் மாடிவீட்டின் கை நடுங்கியது, வேலையையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். இந்தக் குரல் வந்த பிறகுதான் நடுக்கம் நின்றது. இப்போது அது வரப்போவதில்லை. திங்கட்கிழமை இந்தக் கிரேனைக் கழற்றுகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் புது சைட்டுக்கான ஆள் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். போனால் போனதுதான்.

வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது சேதியை மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு பியூட்டி பார்லரில் முடி வெட்டுகிறாள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் தலையைப் பிடித்துக்கொண்டு பத்துக் குடும்பத்தின் கதையைக் கேட்பவள்.

"ஏனாம்?" என்றாள் உடனே.

"தெரியலை."

"நீங்க கேக்கலையா?"

"வரலைன்னாரு. சரின்னேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க, நான் ஒண்ணு கேக்கறேன். போன மாசம் நான் வேலையை விடப்போறேன்னு உங்ககிட்ட சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. சரின்னேனே."

"சரின்னீங்க. அப்புறம் ஒரு வாரம் கழிச்சு, விடலைன்னேன். அதுக்கும் சரின்னீங்க."

மாடிவீட்டுக்குத் தான் செய்த குற்றம் என்ன என்று நிஜமாகவே விளங்கவில்லை. இரண்டு முறையும் அவர் அவள் சொன்னதை ஒழுங்காகக் காதில் வாங்கியிருக்கிறார். எத்தனை புருஷன்மார் அதைச் செய்கிறார்கள்?

"தண்ணி வந்துச்சா, வந்துச்சு. கதவைப் பூட்டினியா, பூட்டினேன். இப்படியே இருபத்தோரு வருஷம் ஓட்டிட்டோம். ஒரு குறையும் இல்லை, எல்லாச் சேதியும் டான் டான்னு போய்ச் சேந்துடுது," என்றாள். கோபமாக இல்லை. சிரிப்பு பாதி வந்துவிட்டிருந்தது. "ஆனா சேதி சொல்றது வேற, பேசறது வேறங்க. என் பார்லர்ல ஒருத்தி வந்து உக்காந்து, 'முடியை வெட்டிடு'ம்பா. அது சேதி. சரின்னு வெட்டிட்டா வேலை முடிஞ்சுது. ஏம்மா, இவ்வளவு ஆசையா வளத்தியேன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, அவ அழுதுட்டு முடியை வெட்டாமலே எந்திரிச்சுப் போவா. எனக்கு வருமானம் போச்சு, அது வேற விஷயம்."

மாடிவீடு தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, எட்டாம் தளத்தில் பாரம் இறக்குகிற ஜாக்கிரதையோடு, "நீ ஏன் வேலையை விடறேன்னு சொன்னே?" என்று கேட்டார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பாடா," என்றாள். பதில் சொல்லி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. புது முதலாளியம்மாவில் தொடங்கி அவளுடைய மணிக்கட்டு வலி வரைக்கும் வந்து, அங்கிருந்து அவருடைய கழுத்து வலிக்குப் போய், நடுவில் எதற்கோ இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாத்திரம் கழுவும்போது அவள் சொன்னாள்: "நாளைக்கு அவரைப் பாருங்க. ஏன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிட்டு உக்காருங்க. அதுதான் கஷ்டம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாடிவீடு ஏணி இறங்கினார். சைட்டே நிமிர்ந்து பார்த்தது. யாருக்காவது உடம்பு சரியில்லையா, கிரேனில் ஏதாவது கோளாறா என்று நாலு பேர் விசாரித்தார்கள். "ஒண்ணுமில்லை, டீ குடிக்கலாம்னு," என்றார். அறுபது மீட்டர் இறங்கி வந்து டீ குடிப்பவரை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

தகரக் கூரை போட்ட கேன்டீன் வாசலில் அறுபது எழுபது பேர் நின்றும் உட்கார்ந்தும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாடிவீடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மீசை வைத்த முகம், வைக்காத முகம், வாய் நிறைய சோற்றோடு ஒரு முகம். இதில் எது தன் கீழ்வீடு? யாரையாவது கேட்டிருக்கலாம். நாலு வருஷம் கூட வேலை பார்த்தவரை அடையாளம் காட்டச் சொல்லிக் கேட்பது எப்படி? வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. விறுவிறுவென்று கட்டடத்துக்குள் போய், இரண்டாம் தளத்துக்கு ஏறி, பால்கனி ஓரத்தில் நின்று கீழே பார்த்தார்.

ஒரே பார்வை. அதோ, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில், வெள்ளை வட்டம்.

மனிதர் நெட்டையாக இருந்தார். மேலிருந்து பார்த்தே பழகியவருக்கு அது பெரிய ஆச்சரியம். நாலு வருஷமாக அவரைக் குட்டை என்றே நினைத்திருந்தார்.

"நான்தான் மாடி," என்றார், இரண்டு டீயோடு முன்னால் போய் நின்று.

கீழ்வீடு சடாரென்று எழுந்தார், அண்ணாந்து கிரேனைப் பார்த்தார், மறுபடியும் இவரைப் பார்த்தார். கூண்டுக்குள் யாரும் இல்லை என்று உறுதியான பிறகே கையை நீட்டினார்.

உட்கார்ந்தார்கள். அதன் பிறகு நடந்ததை நினைத்தால் மாடிவீட்டுக்கு இன்றும் காது சிவக்கும்.

"டீ சூடா இருக்கு," என்றார் மாடிவீடு.

"டீ சூடா இருக்கு. சரி," என்றார் கீழ்வீடு.

"நாளையோட முடியுது."

"நாளையோட முடியுது."

"மழை வர்ற மாதிரி இருக்கு."

"மழை. சரி."

இரண்டு டன் கண்ணாடியைச் சுண்டுவிரல் இடைவெளியில் சேர்ந்து நுழைத்தவர்கள், ஒரு டீயைக் கடந்துபோக வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துப் பெஞ்சில் இருந்த தச்சர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் மாடிவீடு கண்ணை மூடிக்கொண்டு கேட்டேவிட்டார்.

"ஏன்?"

"ஏன். சரி," என்றது அந்தக் குரல், பழக்கதோஷத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது கீழ்வீடுதான். டீ மூக்கில் ஏறிவிட்டது. மாடிவீடு அவர் முதுகைத் தட்டப்போய்த் தானும் சிரிக்க ஆரம்பித்து, தட்டுவதை மறந்துவிட்டார். தச்சர்களும் சும்மா சேர்ந்துகொண்டார்கள்.

"இல்லைண்ணே, நிஜமாத்தான் கேக்கறேன். ஏன் வரலை?" மனைவி சொன்னபடி, கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார்.

கீழ்வீடு கழுத்தைத் தடவினார். "நாலு வருஷமா உங்களையே அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து போச்சுண்ணே. இனிமே மேலே பாக்கற வேலை வேண்டாம்னுட்டாரு டாக்டர்."

"எனக்குக் குனிஞ்சு பாத்துக் கழுத்து போச்சு!" என்று மாடிவீடு கத்தினார். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் பறந்துவிட்டது. உடனே இருவரும் கழுத்தைத் திருப்பிக் காட்டி, எங்கே பிடிக்கிறது, எந்தத் தைலம், எத்தனை தலையணை என்று பரிமாறிக்கொண்டார்கள். வலியில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று மாடிவீட்டுக்குத் தெரியாது. பேச்சு அங்கிருந்து தானாகக் கிளை விட்டது. யார் அண்ணன், யார் தம்பி என்று வயதைக் கணக்குப் பார்த்ததில் மாடிவீடு ஏழு மாதம் மூத்தவர் என்று தீர்ப்பானது.

"அப்ப நான் தம்பி. நீங்க என்னைப் போங்க வாங்கன்னு சொல்லக்கூடாது," என்றார் கீழ்வீடு.

"அந்த ஹெல்மெட்ல என்ன வட்டம் அது, ஓட்டையா?"

"ஓட்டையா? உங்களுக்காகப் போட்டதுண்ணே. மேலேருந்து பாத்தா எல்லா மஞ்சளும் ஒண்ணாத்தானே இருக்கும், என்னைத் தேடக்கூடாதுன்னு. வருஷம் ரெண்டு தடவை பெயின்ட் அடிப்பேன்."

மாடிவீடு கையை நீட்டி அந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். நாலு வருஷம் அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் பாரம் இறக்கியிருக்கிறார்.

"நீங்க மட்டும் என்ன," என்றார் தம்பி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு. "மத்தியான வெயில்ல வேலை இல்லாதப்ப, கிரேனைத் திருப்பி அதோட வாலுல தொங்கற கான்கிரீட் எடைக்கல்லோட நிழலை என் தலைமேல கொண்டாந்து நிறுத்துவீங்களே. நான் தினமும் மனசுக்குள்ள உங்களுக்குக் கும்பிடு போடுவேன்."

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கு நஷ்டம்? ஆனால் இப்போதுதான் அறிமுகமான மனிதரிடம் பொய் சொல்ல மாடிவீட்டுக்கு வாய் வரவில்லை. "அது... எனக்குக் கண்ணு கூசும்ப்பா. அதான் அந்தப் பக்கம் திருப்பி வெப்பேன்."

"நாலு வருஷக் கும்பிடு!" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டார். இந்த முறை தச்சர்களில் ஒருவர் பெஞ்சிலிருந்தே சரிந்துவிட்டார்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் கீழ்வீடு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நாலாக மடித்து, மடிப்பெல்லாம் நைந்திருந்தது. கிரேன் ஆபரேட்டர் பயிற்சிக்கு விண்ணப்பம். மூன்று மாதப் படிப்பு. சேர்வதற்கு, கூட வேலை பார்த்த ஓர் ஆபரேட்டர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"மேலே பாக்கக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு. கீழே பாக்கலாமே," என்றார். "புது சைட்ல ரெண்டு கிரேன். படிப்பு முடிஞ்சா ரெண்டாவதுல கேக்கலாம்னு ஒரு ஆசை. ரெண்டு மாசமா பையிலேயே வெச்சிருக்கேன். சேனல்ல எப்படிக் கேக்கறதுண்ணே?"

மாடிவீடு தாளை வாங்கிப் பார்த்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே இன்னொரு கணக்கும் ஓடியது. இதில் கையெழுத்துப் போட்டால் அந்தக் குரல் அதிகாரபூர்வமாகப் போய்விடும், சுவருக்குப் பின்னால் இனி யாரோ ஒருத்தர் கண். போடாவிட்டால், வேறு வழியில்லாமல் தம்பி கழுத்து வலியோடு கீழேயே நிற்கக்கூடும். அந்த எண்ணம் வந்ததற்காக அவர் தன்னையே திட்டிக்கொண்டார். தாளின் நடுவில் ஒரு கேள்வி இருந்தது. 'விண்ணப்பதாரரை உங்களுக்கு எந்த அளவு தெரியும்?'

"இன்னைக்குத்தானேப்பா உன்னைப் பார்த்தேன்," என்றார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் யோசிச்சு எழுதறேன்."

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடைசி பாரம் இறங்கியது. ஒரு காலி இரும்புத் தொட்டி. "மாடி, நிறுத்து." "நிறுத்திட்டேன்." கிரேனின் மெயின் சுவிட்சை அணைத்தார்கள். மாடிவீடு இறங்கி வந்து இன்ஜினியரிடம் ஓர் அனுமதி கேட்டார். இன்ஜினியர் வழக்கம்போலச் சரி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் எதற்கு என்று கேட்டார். அதனால் கழுத்து வலி, வெள்ளை வட்டம், நாலு வருஷக் கும்பிடு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கேட்டு முடித்து, ஏணி ஏறுகிறவர் மாட்டும் இடுப்புப் பெல்ட்டைத் தானே எடுத்துக் கொடுத்தார் இன்ஜினியர்.

கீழ்வீடு ஏணி ஏறினார். மாடிவீடு தரையில், கீழ்வீடு எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்றார். அந்த இடத்தில் மண் கல்லாக இறுகியிருந்தது. அண்ணாந்தார். அங்கிருந்து அவருடைய கூண்டு ஒரு தீப்பெட்டி அளவுக்குக்கூட இல்லை. இத்தனை சின்ன ஒன்றை நம்பியா இந்த மனிதர் நாலு வருஷம் அதன் கீழ் நின்றார்?

வெகுநேரம் கழித்து வாக்கி டாக்கி கரகரத்தது. மூச்சு வாங்கும் குரல். "அண்ணே, இப்ப நான் மாடியா, கீழயா?"

"நீதான் மாடி."

"ஐயோ, என்ன காத்துண்ணே! அந்தக் கடைசியில தெரியறது ஆறா? இங்க ஆறு இருக்குன்னே எனக்குத் தெரியாதே. நீங்க சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே."

"சரி, நீங்க எங்க நிக்கறீங்க? எல்லாம் மஞ்சளாத் தெரியுது."

மாடிவீடு சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். நேற்றுச் சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்து இரண்டு பேனாவைக் கடித்து எழுதியது. மனைவிக்குக் காட்டவில்லை, முதலில் அவன் பார்க்கட்டும் என்றார். அவளும் விடாமல் ஏன் ஏன் என்று கேட்டுப் பார்த்தாள். இப்போது மடிப்பைப் பிரித்து, ஹெல்மெட்டின் மேல் கூரை போலப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது, தெரியுது! வெள்ளையா! அது என் தாளாண்ணே? கையெழுத்துப் போட்டுட்டீங்களா? என்ன எழுதியிருக்கீங்க?"

"இறங்கி வந்து படிச்சுக்கோ."

"ஏன், இப்பவே சொன்னா என்னவாம்?"

அந்தச் சேனலில் அந்தச் சொல் அதுவரை ஒலித்ததில்லை. இன்ஜினியர் பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாடிவீடு தாளை இறக்கி, காற்றில் படபடக்காமல் இழுத்துப் பிடித்து, வாக்கி டாக்கியை வாய்க்கு அருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"விண்ணப்பதாரரை உங்களுக்கு எந்த அளவு தெரியும்? இவர் இறக்கு என்றால் நான் பார்க்காமலே இறக்குவேன்."

மேலிருந்து அதைத் திருப்பிச் சொல்லும் குரல் வரவில்லை. பொத்தானை யாரோ அழுத்திப் பிடித்திருப்பதும், அந்தப் பக்கம் காற்று அடிப்பதும் மட்டும் கேட்டது. மாடிவீடு அண்ணாந்து பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால், கடுகளவில், ஒரு முகம் அவரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்து விண்ணென்று தெறித்தது. அவர் தலையை இறக்கவில்லை.